பூட்டிய அலுவலகமும் 22-ஆம் எண் கதவும்

2020 மார்ச் 16-ஆம் தேதி இரவு. பிரதமர் டான்ஸ்ரீ முஹிடின் யாசின் தொலைக்காட்சியில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தபோது நான் கிள்ளானில் என் வீட்டில் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். 18-ஆம் தேதி முதல் அமல் என்றார். நடுவில் ஒரே ஒரு நாள்.

எனக்குப் பெட்டாலிங் ஜெயா பழைய பட்டணத்தில் ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது. கீழே மளிகைக்கடை, மேலே முதல் மாடியில் இரண்டு அறைகள். என்னையும் சேர்த்து 3 பேர். சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவதும் அவர்களுடைய தொழிலாளர்களுக்கு மாதச் சம்பளப் பட்டியல் போடுவதும் எங்கள் பிழைப்பு. வாழையிலை உணவகம் இரண்டு, லோரி நிறுவனம் ஒன்று, ஒரு கிளினிக், துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்பும் குத்தகையாளர் ஒருவர் என்று அப்போது 11 வாடிக்கையாளர்கள். எல்லாருடைய தொழிலாளர்களையும் கூட்டினால் 140 பேருக்கு மேல் வரும். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, மாதம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளம் கைக்குப் போய்விட வேண்டும். சட்டத்தை விடுங்கள். கடையெல்லாம் மூடிக் கிடந்த அந்த நேரத்தில், மார்ச் மாதச் சம்பளம் அந்த வீடுகளுக்கு என்னவாக இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

பட்டியல் இருந்த கணினியோ பூட்டிய அறைக்குள் இருந்தது. அதில் ஓடியது லினக்ஸ். பெரிய கொள்கைப் பிடிப்பெல்லாம் ஒன்றுமில்லை. அந்த ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியது. புதுக் கணினி வாங்கக் கை வரவில்லை. என் அக்கா மகன் சிங்கப்பூரில் கணினி வேலை செய்கிறான். சீனப் பெருநாள் விடுமுறைக்கு வந்தவன், “மாமா, இந்தப் பெட்டிக்கு உபுண்டு போதும்” என்று போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். வீட்டில் இருந்த பழைய மடிக்கணினிக்கும் அதையே போட்டான். வெள்ளி ஒன்றும் செலவாகவில்லை.

மார்ச் 17-ஆம் தேதி அவன் ஜொகூர் பாலத்து நெரிசலில் நின்றபடியே தொலைபேசியில் சொல்லச் சொல்ல, நான் அலுவலகக் கணினியில் இரண்டு மென்பொருள்களை ஏற்றினேன். ஒன்று எஸ்எஸ்எச். தூரத்தில் இருக்கும் கணினிக்குள் நுழைந்து எழுத்து வழியாகக் கட்டளை கொடுக்க உதவுவது. மற்றொன்று எக்ஸ்ஆர்டிபி. அலுவலகக் கணினியின் திரையை அப்படியே வீட்டுக் கணினியில் காட்டுவது. பிறகு ரௌட்டரில் 22, 3389 என்று இரண்டு எண்களைத் திறந்துவிடச் சொன்னான். ஒவ்வொரு சேவைக்கும் ஓர் எண் உண்டு. அதைப் போர்ட் என்பார்கள். 22 எஸ்எஸ்எச்சுக்கு, 3389 திரைக்கு. கடவுச்சொல்லாக என்ன வைத்தேன் என்று கேட்காதீர்கள். அலுவலகப் பெயரும் ஆண்டும். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. கிள்ளானில் கைலியோடு உட்கார்ந்து பிஜேயில் இருக்கும் கணக்கைத் திருத்தினேன். எனக்கே என்னை நினைத்துக் கொஞ்சம் பெருமை.

மார்ச் 30, திங்கட்கிழமை காலை திரை வரவில்லை. ‘நேரம் கடந்துவிட்டது’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் மட்டும் வந்தது. பத்து முறை தட்டிப் பார்த்துவிட்டு மருமகனை அழைத்தேன்.

அவன் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் கற்றுக்கொண்டது அதிகம். “மாமா, வரலைன்னு சொல்லாதீங்க. என்ன எழுத்து வருதுன்னு வாசிங்க.” லினக்ஸ் மூன்று விதமாக ‘முடியாது’ என்று சொல்லும், மூன்றும் வேறு வேறு என்றான். நேரம் கடந்துவிட்டது என்றால் நாம் தட்டியது அந்த வீட்டுக்கே போய்ச் சேரவில்லை. வீடு இடம் மாறியிருக்கலாம், கரண்ட் இல்லாமல் இருக்கலாம், வழியில் யாரோ மறித்திருக்கலாம். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே பதில் வந்தால் ஏதோ ஒரு வீடு இருக்கிறது, ஆனால் அந்த எண்ணில் கதவில்லை. அனுமதி இல்லை என்று வந்தால் கதவு வரை போய்விட்டோம், உள்ளே இருப்பவர் நம்மை நம்பவில்லை. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு, கணினியை அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். நானும் அந்தக் கூட்டம்தான்.

முந்தின நாள் மாலை பிஜேயில் நல்ல இடி மின்னல். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரலை ஒட்டிய மாதங்களில் பிற்பகல் இடிக்குப் பஞ்சமே இல்லை. மளிகைக்கடை அத்தியாவசியச் சேவை என்பதால் திறந்திருந்தது. கடைக்காரரிடம் என் மாற்றுச் சாவி உண்டு. செவ்வாய்க்கிழமை அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு, “அண்ணே, மெயின் சுவிட்ச் விழுந்து கிடக்கு” என்றார். தூக்கிவிட்டார். கணினிப் பொத்தானையும் அழுத்தினார். கீழே ஆட்கள் ஒரு மீட்டர் இடைவெளியில் வரிசை பிடித்து நின்றதால் அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை.

அப்போதும் அதே ‘நேரம் கடந்துவிட்டது’தான். மின்சாரம் போய் ரௌட்டர் அணைந்து எழுந்ததில், இணைய நிறுவனம் எங்கள் அலுவலகத்துக்கு வேறு முகவரி கொடுத்துவிட்டது. சாதாரண வீட்டு இணைப்பு, சிறு கடை இணைப்புகளில் முகவரி நிலையானதல்ல. நான் பழைய முகவரிக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். அது அந்நேரம் வேறு யாருடைய வீடோ.

நேரில் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எங்கள் தொழில் அத்தியாவசியப் பட்டியலில் இல்லை. ஏப்ரல் 1 முதல் வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று வேறு வந்துவிட்டது. கிள்ளானிலிருந்து பிஜே அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். கூட்டரசு நெடுஞ்சாலையில் போலீஸ் தடுப்பில் நின்று ‘எக்ஸ்ஆர்டிபி பழுதாகிவிட்டது’ என்று விளக்குவதை நினைத்துப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

புதன்கிழமை கடைக்காரர் தம் மகளை மேலே அனுப்பினார். 17 வயது, பள்ளி மூடியதால் கடையில் உதவிக்கொண்டிருந்த பெண். அவள் இணைய உலாவியைத் திறந்து புது முகவரியை வாசித்தாள். நான் தட்டினேன். இந்த முறை கண் இமைப்பதற்குள் பதில்: இணைப்பு மறுக்கப்பட்டது.

“ஏதோ ஒரு வீடு இருக்கு, கதவுதான் இல்லை” என்று நானே கண்டுபிடித்துச் சொன்னேன். மருமகன் சிரித்தான். அலுவலகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரௌட்டர் ஓர் உள் எண் கொடுக்கிறது. இடிக்குப் பிறகு எல்லாம் புதிதாக எழுந்தபோது, கணினிக்கு இருந்த எண்ணைப் பிரிண்டர் பிடித்துக்கொண்டது. ரௌட்டரோ நான் சொன்னபடியே 22-ஐ அந்தப் பழைய எண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆக, நான் கால் மணி நேரமாகப் பிரிண்டரிடம் ‘உள்ளே விடு’ என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ரௌட்டர் பக்கத்துக்குள் போய், கணினிக்கு இனி இந்த எண்தான் என்று நிரந்தரமாக எழுதி வைத்தாள். மூன்று நிமிட வேலை. மார்ச் 17-ஆம் தேதியே செய்திருக்க வேண்டியது.

அடுத்து என் மடிக்கணினி, ‘இந்தக் கணினியை இதற்கு முன் இந்த முகவரியில் பார்த்ததில்லை, நம்பலாமா?’ என்று கேட்டது. நான் சரி என்று தட்டப் போனேன். மருமகன் கத்தினான். நடுவில் ஒருவன் உட்கார்ந்து நம் கணினி போல நடித்தால், அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே இடம் இந்தக் கேள்விதானாம். கேள்விக்குக் கீழே 43 எழுத்துகளில் ஒரு கைரேகை வந்திருந்தது. அதே கைரேகை அலுவலகத் திரையில் என்ன காட்டுகிறது என்று அந்தப் பெண் வாசிக்க, நான் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் முக்கியம். சித்தப்பிரமை பிடித்தவர்கள் மாதிரி இருந்தோம். பொருந்தியது.

உள்ளே போய்விட்டேன். ஆனால் திரையைக் கேட்டால் கன்னங்கரேல். இது மருமகனுக்கு உடனே தெரிந்தது. கைரேகை பார்ப்பதற்காக அந்தப் பெண் என் பெயரில் அங்கே நுழைந்திருந்தாள். வெளியேறாமல் கீழே போய்விட்டாள். உபுண்டுவில் ஒரே ஆள் நேரில் ஒரு திரை, தூரத்திலிருந்து ஒரு திரை என்று இரண்டு திறந்தால் எக்ஸ்ஆர்டிபி இப்படிக் கறுத்துவிடும். மறுபடி மேலே போய் வெளியேறினாள். என் சம்பளப் பட்டியல் திரையில் வந்தது.

அன்றே உட்கார்ந்து வேலையை முடித்திருப்பேன். மருமகன் விடவில்லை. “ஒரு நிமிஷம் மாமா, பதிவேட்டைப் பார்ப்போம்” என்றான்.

யார் யார் நுழைய முயன்றார்கள் என்பதை லினக்ஸ் ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைக்கிறது. அதைத் திறந்தான். பக்கம் பக்கமாக ஓடியது. ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள் என்று ஊர் பேர் தெரியாத யார் யாரோ, இரவும் பகலும், சில நொடிகளுக்கு ஒரு முறை. பல ஆயிரம் வரிகள். இவர்கள் என்னைத் தேடி வந்தவர்கள் இல்லை. இணையத்தில் இருக்கும் எல்லா முகவரிகளையும் தட்டிக்கொண்டே போகும் தானியங்கி நிரல்கள். 22-ஐத் திறந்து வைத்தால் யாருக்கும் இதுதான் நடக்கும்.

எனக்குக் கை நடுங்கியது. அந்தப் பெட்டிக்குள் 140 பேருடைய அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், இபிஎப் எண், வீட்டு முகவரி எல்லாம் இருக்கின்றன. அதற்குப் பூட்டு, அலுவலகப் பெயரும் ஆண்டும்.

“தோத்தவன் கணக்கு வேண்டாம், ஜெயிச்சவன் யாருன்னு பார்ப்போம்” என்று அவன் வெற்றிகரமாக நுழைந்த வரிகளை மட்டும் வடிகட்டினான். என் வீட்டு முகவரி. அவனுடைய சிங்கப்பூர் முகவரி. மூன்றாவதாக ஒன்று. மார்ச் 24, பின்னிரவு 1 மணி 50 நிமிடம். அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வாழ்க்கையில் மறக்க மாட்டேன் அந்த இருபது நிமிடத்தை. எந்த வாடிக்கையாளருக்கு முதலில் சொல்வது என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். என் மனைவிதான் கேட்டாள்: “அன்னிக்கு வீட்டு லைன் செத்துப்போய், கைப்பேசியில போட்டு வேலை செய்தீங்களே, அது இல்லையா?” அதேதான். கைப்பேசி இணைப்பின் முகவரி.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு சண்டை. சம்பளம் முதலில் என்றேன் நான், கதவு முதலில் என்றான் அவன். கடவுச்சொல்லை அப்போதே நீளமாக மாற்றிவிட்டு, சாவி முறைக்குப் போவது என்று முடிவானது.

சாவி முறை இப்படி. உங்கள் கணினியில் ஒரு ஜோடி உருவாக்குகிறீர்கள். ஒன்று பூட்டு மாதிரி. யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதை அலுவலகக் கணினியில் மாட்டிவிடுவீர்கள். மற்றொன்று சாவி; உங்கள் மடிக்கணினியை விட்டு வெளியே போகவே போகாது. நுழையும்போதுகூடச் சாவி இணையத்தில் பயணம் செய்வதில்லை. சாவி தன்னிடம் இருக்கிறது என்பதற்குக் கணக்கு வழியில் ஒரு கையொப்பம் மட்டுமே போகும். வழியில் ஒட்டுக்கேட்பவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. சாவிக்கே ஒரு ரகசியச் சொற்றொடரும் வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினி திருடு போனாலும் கொஞ்சம் தூங்கலாம்.

ஒட்டுக்கேட்பவன் என்று சும்மா சொல்லவில்லை. இந்த எஸ்எஸ்எச்சே அப்படிப் பிறந்ததுதான். 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரலைப் போட்டுக் கடவுச்சொற்களைத் திருடினார்கள். அன்றைக்குத் தூரத்துக் கணினிக்குள் நுழைய டெல்நெட் என்ற முறை இருந்தது. அதில் கடவுச்சொல் அஞ்சலட்டையில் எழுதியது போலத் திறந்தே போகும். அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனன் என்பவர் வெறுத்துப்போய் ஒரு மாற்றை எழுதி, அந்த ஆண்டு ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். டெல்நெட்டுக்கு 23, கோப்பு அனுப்பும் எப்டிபிக்கு 21. நடுவில் 22 காலியாக இருந்தது. எண்களைப் பங்கிடும் அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டார், மறுநாளே கொடுத்துவிட்டார்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பிளாட்பாரக் கடைக்கு லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு இது புராணக்கதை மாதிரி இருக்கும். இன்று லினக்ஸில் பெரும்பாலும் ஓடுவது ஓபன்எஸ்எஸ்எச். அது 1999 டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி குழுவினர் வெளியிட்டது.

சரி, சாவி செய்தோம், பூட்டை மாட்டினோம். ஆனால் அலுவலகக் கணினி மீண்டும் மீண்டும் கடவுச்சொல்லையே கேட்டது. சாவியைக் கண்டுகொள்ளவே இல்லை. பிழை என்றும் சொல்லவில்லை. வியாழன் முழுவதும் போனது. வெள்ளியும் போனது. புதுச் சாவி செய்தோம், அதுவும் அப்படியே. நடுவில் நான் பதற்றத்தில் தவறாகத் தட்ட, முதல் வேலையாக மருமகன் போட்டு வைத்திருந்த பெயில்2பேன் என்ற காவல் நிரல் என்னையே திருடன் என்று முடிவு செய்து 10 நிமிடம் வெளியே நிறுத்தியது. 5 தவறுக்கு 10 நிமிடம் என்பது அதன் வழக்கமான கணக்கு. மறுத்துப் பேச ஆளில்லை.

சனிக்கிழமை காலை பதிவேட்டில்தான் விடை கிடைத்தது. தவறான அனுமதி, என் வீட்டுக் கோப்புறையில், என்று ஒரு வரி. பிப்ரவரியில் ஸ்கேனர் கோப்புகளை எல்லாரும் எடுக்கட்டும் என்று, யாரோ சொன்ன 777 என்ற அனுமதியை என் முழுக் கோப்புறைக்கும் போட்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் வைத்த பூட்டை வேறொருவன் மாற்றி வைத்திருக்கலாம் அல்லவா? அதனால் எஸ்எஸ்எச் அதை நம்புவதே இல்லை. நுழைய வருபவனுக்குக் காரணமும் சொல்லாது. பதிவேட்டில் மட்டும் எழுதி வைக்கும். கோப்புறையை 755 ஆக்கினோம். பூட்டு இருக்கும் உள் கோப்புறைக்கு 700, கோப்புக்கு 600. அடுத்த நொடி கதவு திறந்தது.

கடவுச்சொல் முறையை முழுவதுமாக அணைக்கும் முன் மருமகன் ஒன்று சொன்னான்; உங்களில் யாராவது இதைச் செய்யப் போனால் இதை மட்டும் மறக்காதீர்கள். திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, அமைப்பை மாற்றி, இரண்டாவது இணைப்பு ஒன்றைப் புதிதாகத் திறந்து பார்க்க வேண்டும். அது வந்தால்தான் முதலாவதை மூடலாம். இல்லாவிட்டால் உட்கார்ந்த கிளையை நாமே வெட்டின கதை. மறுபடி மளிகைக்கடைக்காரர்தான் மாடி ஏற வேண்டும்.

கடைசியாக 3389-ஐ வெளியுலகுக்கு மூடினோம். திரையை இப்போது எஸ்எஸ்எச்சின் சுரங்கத்துக்குள் போட்டுக் கொண்டுவருகிறோம். விஎன்சி என்ற இன்னொரு திரை மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்த அந்தப் பழைய முறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளை மட்டுமே பார்க்கும். திரையில் ஓடுவதும் மறைக்கப்படாமல்தான் போகும்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். ஏப்ரல் 6, திங்கட்கிழமை மதியத்துக்குள் 11 பட்டியல்களும் போய்விட்டன. லோரி நிறுவனத்து முதலாளி மட்டும், “ஏன் இவ்வளவு தாமதம்?” என்று குரல்பதிவு அனுப்பினார்.

நான்கு வருடம் கழித்து, 2024 மார்ச் 29, பெரிய வெள்ளிக்கிழமை. மைக்ரோசாப்டில் வேலை செய்யும் அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டியிருக்கிறார். எக்ஸ்இசட் என்ற, கோப்பைச் சுருக்கும் சிறிய மென்பொருளுக்குள் ஒரு கள்ளக் கதவு இருந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர், இரண்டு ஆண்டுக்கு மேலாக நல்ல பிள்ளையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, அதை உள்ளே வைத்திருக்கிறார். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்பது வெளிவரவில்லை. பொதுமக்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளுக்கு வரும் முன்பே பிடிபட்டது. அரை நொடி! நானாக இருந்தால் இணையம் மெதுவாக இருக்கிறது என்று திட்டிவிட்டு தே தாரேக் குடிக்கப் போயிருப்பேன்.

இதே திரைப்பகிர்வு மென்பொருளை வைத்து நம் மக்களிடம் பணம் பறிப்பதும் நடக்கிறது. வங்கியிலிருந்து பேசுகிறேன், போலீசிலிருந்து பேசுகிறேன், இதைக் கைப்பேசியில் இறக்குங்கள், திரையில் வரும் எண்ணைச் சொல்லுங்கள் என்பார்கள். எந்த வங்கியும் அப்படிக் கேட்காது. பணம் போய்விட்டால் யோசிக்காமல் 997-ஐ அழையுங்கள். 2022-இல் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையம். கணினிக்குள் யாரோ நுழைந்துவிட்டதாகச் சந்தேகம் என்றால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 இருக்கிறது.

இப்போது என் சாவியின் நகல் ஒன்று விரலி நினைவகத்தில், உறை போட்டு, மளிகைக்கடைப் பணப்பெட்டிக்குக் கீழே இருக்கிறது. ரகசியச் சொற்றொடர் அங்கே இல்லை. அது என் மனைவிக்குத் தெரியும். முகவரி மாறினால் தானாகவே ஒரு பெயரில் பதிந்துகொள்ளும்படி மருமகன் செய்து வைத்திருக்கிறான். கணினியும் மின்சாரம் வந்தால் தானே எழுந்துகொள்கிறது.

போன வாரம் பிஜேயில் மறுபடி நல்ல இடி. இரவு 9 மணிக்குத் தட்டினேன். நேரம் கடந்துவிட்டது. கடைக்காரரை அழைத்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே, “தூக்கிவிட்டாச்சு அண்ணே, இப்போ தட்டிப் பாருங்க” என்றார்.